கசப்புத் தண்ணீர்

கோரிசு நாள் என்றால் கஸாக் சமவெளியிலிருக்கும் தால்சாய் ஊரில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். மார்ச் பதினான்காம் தேதி காலையில் பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். எதிரில் பார்த்தவரின் இரண்டு கைகளையும் தங்கள் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, "ஒரு வயசு கூடியாச்சு, நல்லா இருங்க" என்பார்கள். போன வீட்டிலெல்லாம் பால்தேநீர் குடித்துக் குடித்து வயிறு குளமாகிவிடும். வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவன்கூட அன்றைக்குக் கையை நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிவிட்டால் அதற்கு முந்தின மனஸ்தாபம் எல்லாம் அதோடு தீர்ந்தது, பிறகு அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. நீட்டிய கையை வாங்காமல் விட்டவர் என்று அந்த ஊரில் ஒருவரைப் பற்றியும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் உல்போசினுக்கு அன்று பொழுது விடிந்ததே பிடிக்கவில்லை.

பவர்சாக் பணியாரத்துக்கு மாவை உருட்டி உருட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஈடு கருகிவிட்டது. முப்பத்தொரு வருஷமாக இதே சட்டியில் சுடுகிறவள், கருக விட்டது அன்றுதான். ஜன்னலோரம் முழங்காலில் ஒட்டக ரோமத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அமந்தாய், கருகின ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு. அடுப்புக்கு."

"வாய மூடிட்டு உக்காருங்க."

"சபர்காலி இன்னைக்கு வருவான்," என்றான் அமந்தாய், வெளியே பார்த்தபடியே.

அவள் அடுத்த ஈட்டை எண்ணெயில் போட்டாள். அவள் அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால், வந்த வாரமே ஆளுக்கொரு பட்டப்பெயர் சூட்டியிருந்தாள். புருஷனின் சித்தப்பா மகனான இந்த சபர்காலி அப்போது ஏழு வயசுப் பொடியன். முகத்தில் பாதி மூக்கு, அது எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும். அவனுக்கு மூக்குத்துரை என்று வைத்தாள். பெரியவனாகி, பக்கத்துக் காப்பகத்தில் சைகா மான்களுக்குக் காவலனாக வேலைக்குச் சேர்ந்தபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சைகாவுக்கும் முகமெல்லாம் மூக்குதானே. "சொந்தக்காரங்களைப் பாத்துக்க அரசாங்கமே சம்பளம் குடுக்குது" என்று கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அப்போதெல்லாம் அவனைக் கேலி செய்தவர்கள் அவன்மேல் பிரியம் உள்ளவர்கள்.

"வந்தா கை குடுக்கணும்ல," என்றான் அமந்தாய்.

"எனக்குத் தெரியும்."

"குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

உல்போசின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் அந்த ஃபோன் வந்தபோது இவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்றே இத்தனை மாதமும் நம்பியிருந்தாள்.

நடந்தது இதுதான். ஊருக்கு மேற்கே ஒரு நீளமான பள்ளம். மேட்டுச் சமவெளியில் உருகும் பனியெல்லாம் வசந்தத்தில் அதன் வழியாகத்தான் இறங்கி வரும். குறுக்கே ஒரு மண்கரை, நடுவில் சக்கரம் வைத்த இரும்பு மதகு. மதகை மூடினால் தண்ணீர் பின்வாங்கிப் புல்வெளி முழுக்க முழங்கால் ஆழத்துக்குப் பரவும். இரண்டு வாரம் நிறுத்திவைத்துத் திறந்துவிட்டால் ஜூனில் இடுப்பளவு புல். அந்தப் புல்லைக் காயவைத்துத்தான் நாற்பது வீட்டு மாடுகளும் ஆறு மாதக் குளிரைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் மழையை நம்பிப் புல் வளர்த்தவன் கிடையாது.

ஆனால் மதகை எப்போது மூடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் வரும் தண்ணீர் உப்புக்காட்டைக் கழுவிக்கொண்டு வருகிறது, கசக்கும். அது வயலில் நின்றால் வெள்ளையாகப் பூத்துப் புல்வேரை எரித்துவிடும். அதனால் அதைப் போகவிட வேண்டும். கோரிசு கழிந்து பத்து நாளில் இரண்டாம் தண்ணீர் வரும். அது தித்திப்பு. அப்போது ஊரெல்லாம் மண்வெட்டியோடு கூடி, கூலி என்ற பேச்சே இல்லாமல், மதகை மூடிக் கரைக்கு மண் போடும். எது முதல் தண்ணீர், எது இரண்டாம் தண்ணீர் என்று நாக்கில் வைத்துச் சொல்ல ஒரு ஆள் உண்டு. மாமனார் கண்மூடிய பிறகு அந்த ஆள் உல்போசின். மதகுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். வெளியூரிலிருந்து வந்த மருமகளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பது சின்ன விஷயமில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதை மறைப்பானேன்.

போன வருஷம் பிப்ரவரியில் மழை பெய்தது. பனி கொட்ட வேண்டிய மாதத்தில் இரண்டு நாள் விடாமல் மழை. நிலம் அடியில் கல்லாக உறைந்து கிடந்தது. ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல், மேலே இருந்த பனியையும் கரைத்து அள்ளிக்கொண்டு தண்ணீர் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மேட்டிலிருந்து சபர்காலி ஃபோன் போட்டான்.

"அண்ணி, மதகை மூடிடுங்க. தண்ணி வந்துட்டிருக்கு."

"பிப்ரவரியில என்னப்பா தண்ணி? அது கசப்புத் தண்ணி. போகட்டும்."

"மேல பனியே இல்ல அண்ணி. மொத்தமும் கிளம்பிருச்சு. இதுக்குப் பின்னால ஒண்ணும் வராது."

"மூக்குத்துரை, நீ உன் மானை எண்ணு. தண்ணிய நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாள். ஆனாலும் போய்த்தான் பார்த்தாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள், கசந்தது. முறைப்படி நடந்துகொண்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்து தூங்கினாள். மூன்றாம் நாள் பள்ளம் வற்றிப்போனது. கோரிசு வந்தது, போனது, ஏப்ரலும் வந்தது. இரண்டாம் தண்ணீர் வரவே இல்லை. தினமும் காலையில் கரையில் போய் நின்று காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிடாததால் ஊரும் மண்வெட்டி எடுக்கவில்லை, மதகுக்காரிக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டது.

புல் கணுக்கால் அளவுக்கு வந்து மஞ்சளாகி நின்றது. அறுப்புக்கு முன்னால் அவளைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்த நேரம் பார்த்துக் காப்பகத்து ஏரிகளும் வற்றிப்போக, சைகாக்கள் மந்தை மந்தையாக வெளியே வந்தன. ஆயிரமா, பதினாயிரமா, யார் எண்ணினார்கள்? அடிவானம் வரைக்கும் பழுப்பு முதுகுகள். இருந்த கொஞ்சப் புல்லையும் இரண்டே நாளில் மொட்டையடித்துவிட்டு, மாட்டுக் குட்டையைக் கலக்கிக் குடித்துவிட்டு நகர்ந்தன. ஊர்க்கூட்டத்தில் ஊர்த்தலைவர் பெய்சென், "புல்வெளி ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார். உல்போசின் வாயைத் திறப்பதற்குள் யாரோ, "சைகாதான், வேறென்ன" என்றார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் உல்போசின். "இடுப்பளவு புல்லு. என் கண்ணு முன்னாடிதான் மேஞ்சுச்சு."

அவ்வளவுதான் பொய். அது போதுமானதாக இருந்தது. மதகுக்காரி சொன்னால் ஊர் கேட்கும். காவலன்தான் மந்தையை இந்தப் பக்கம் ஓட்டிவிட்டான் என்று பிறகு யாரோ சேர்த்தார்கள், அது அவள் சொன்னதில்லை. ஆனால் அவள் மறுக்கவும் இல்லை. வைக்கோலுக்கு வழியில்லாமல் இலையுதிர் காலத்தில் ஊர் மாடுகளை விற்றது. பக்கத்து வீட்டு ராவ்ஷான் பதினோரு பசுக்களையும் லாரியில் ஏற்றினாள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினாள், கடைசியில் வெறுங்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். சபர்காலியின் மோட்டார் சைக்கிள் சக்கரத்தை இரண்டு தடவை யாரோ கிழித்தார்கள். குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்த எந்த வீட்டிலும் அவனைக் கறிக்கு அழைக்கவில்லை. கஸாக் ஊரில் ஒருவனைக் கொல்லாமல் கொல்வது என்றால் அதுதான்.

அவன் அந்த ஃபோனைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் உல்போசினைத் தின்றது. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. விரிப்பில் பவர்சாக் குவியல், உலர்ந்த தயிர் உருண்டைகள், ஒரு தட்டு கறி. வருகிறவர்கள் எல்லாரும் கை கொடுத்து, ஒரு வயசு கூடியதைச் சொல்லி, உட்கார்ந்தார்கள். ராவ்ஷான் வந்து உல்போசினின் கைகளை வாங்கிக்கொண்டபோது அவை சில்லென்று இருந்ததைக் கவனித்தாள்.

"என்னக்கா, அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு கை இப்படி ஜில்லுங்குது?"

"ரத்தம் போதலடி. உக்காரு, டீ எடுத்துக்க."

"எனக்குப் பால் வேண்டாம், வெறும் டீ குடு. பால் குடிச்சா எங்க வீட்டுச் செவலை ஞாபகம் வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

பெய்சென் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் நாள் என்பதால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்று கொண்டு வந்திருந்தார். மேலிடத்துக்கு அனுப்பும் மனு. புல்வெளிக்குள் வரும் சைகாவைச் சுட அனுமதி வேண்டும், காவலன் சபர்காலியை இங்கிருந்து தூக்க வேண்டும், இரண்டே கோரிக்கை.

"முதல் கையெழுத்து நீங்க போடணும்க்கா," என்றார். "மதகுக்காரி நேர்ல பார்த்ததுன்னு எழுதியிருக்கேன். அதுக்குத்தான் மதிப்பு."

"நல்ல நாள் அதுவுமா இதெல்லாம் எதுக்கு?" என்றான் அமந்தாய் ஜன்னலோரத்திலிருந்து.

"நல்ல நாள்லதான்ணே எல்லாரும் வீட்ல இருக்காங்க. மத்த நாள்ல ஒருத்தனையும் பிடிக்க முடியல."

உல்போசின் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எங்கே போட வேண்டும் என்று பெய்சென் விரலை வைத்துக் காட்டினார். அவள் பெயருக்குப் பக்கத்தில், 'நேரில் கண்டவர்' என்று அழகாக எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

சபர்காலி உள்ளே வந்தான். கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்து சேறாக இருந்தது. கையிலிருந்த கோப்பைகள் கீழே இறங்கின. அவன் யாரையும் முகம் பார்க்காமல், முறைப்படி முதலில் அண்ணனிடம் போய்க் குனிந்து இரண்டு கைகளையும் கொடுத்தான். அமந்தாய் வாங்கிக்கொண்டான். பெய்சென்னிடம் நீட்டினான். பெய்சென் மனுவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணியிடம் வந்தான்.

"ஒரு வயசு கூடியாச்சு அண்ணி. நல்லா இருங்க."

இரண்டு கைகள் அவள் முன்னால் நீண்டிருந்தன. குளிரில் வெடித்த, கறுத்த கைகள். வாங்கிக்கொண்டால் முடிந்தது. அவனும் முடிக்கத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. இந்த ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிட்டால், அவள் சொன்ன பொய் யாருக்கும் தெரியாமல் பனிக்கடியில் புதைந்துவிடும்.

உல்போசின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, என்னக்கா!" என்று ராவ்ஷான் எழுந்தே விட்டாள். அமந்தாய், "ஏய், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்றான். நீட்டின கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சபர்காலி நின்றான். காதுகள் சிவந்துவிட்டன. ஏழு வயசில் வசவு வாங்கும்போதும் அவனுக்குக் காதுதான் முதலில் சிவக்கும்.

"கைய கீழ போடு தம்பி," என்றாள் உல்போசின். "இப்ப வாங்கினா நான் திருடி. முதல்ல சொல்லணும்."

பிறகு சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். பிப்ரவரி மழை, அவன் போட்ட ஃபோன், அவள் சிரித்த சிரிப்பு, கசந்த தண்ணீர், வராத இரண்டாம் தண்ணீர். "புல்லு இடுப்பளவு வளரவே இல்ல. கணுக்கால் அளவுதான். சைகா வர்றதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சு. இவன் சொன்னான், நான் கேக்கல. கூட்டத்துல நான் பொய் சொன்னேன். இவன் பேரு கெட்டதுக்கு நான்தான் காரணம்." இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து விரிப்பின்மேல், பவர்சாக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுப்பில் எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

முதலில் பேசினது ராவ்ஷான். சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பதினோரு மாடுக்கா. சாயங்காலம் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்க தலையத் தடவிக் குடுத்தீங்க."

"ஆமாடி."

"சைகாவத் திட்டினேன். இவன் பொண்டாட்டி கடையில நின்னா நான் வெளியே வந்துருவேன். அப்பவும் நீங்க பார்த்துட்டுதான் இருந்தீங்க."

"ஆமா." உல்போசினின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"நீ ஏன்டா வாய மூடிட்டு இருந்தே?" என்று பெய்சென் சபர்காலியின்மேல் பாய்ந்தார். அவருக்கு யார்மேலாவது பாய வேண்டியிருந்தது.

சபர்காலி சேற்றுக்காலைப் பார்த்தபடி சொன்னான். "சொன்னா நம்பியிருப்பீங்களா? அண்ணி நாக்குக்கு முன்னால என் வார்த்தை எடுபடுமா? அப்புறம்... எனக்கும்தான் கால் இருந்துச்சு. ஃபோன் போட்டதோட நிறுத்திட்டேன். இறங்கி வந்து சண்டை போட்டிருக்கலாம். அண்ணிக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்னு நானும் விட்டுட்டேன். அதுவும் இல்லாம, சைகா மேஞ்சது பொய் இல்லையே. இருந்ததை அதுங்கதான் தின்னுச்சு. அதுங்களுக்கும் வேற எங்கயும் இல்ல."

பிறகு நிமிர்ந்து பார்த்து, "நான் கை குடுக்க மட்டும் வரல," என்றான். "மூணு நாளா அடிக்கிற வெப்பக் காத்துல மேட்டுல பனி போயிருச்சு. விடியக்காலையிலேயே தண்ணி கிளம்பிருச்சு. இந்நேரம் மதகுகிட்ட வந்திருக்கும். இந்தத் தடவை ஃபோன் போட வேண்டாம்னு நேர்ல வந்தேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் சாவியைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. கோரிசு நாளில் மண்வெட்டியைத் தொட்டவன் அந்த ஊரில் இல்லை. அதுவும் பத்து நாள் முன்கூட்டி. கடைசியில் அமந்தாய்தான் கட்டின முழங்காலோடு நொண்டிக்கொண்டு வந்து சாவியை எடுத்தான்.

"டிராக்டர நான் ஓட்டறேன். முட்டிதான் போச்சு, பாதம் இருக்குல்ல. வர்றவங்க ஏறுங்க, வராதவங்க இருக்கறதத் தின்னுட்டுப் போங்க. கருகினது அந்தப் பக்கம் இருக்கு."

கோபத்தோடு வந்தவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஆனால் எல்லோரும் வந்தார்கள். நல்ல சட்டையும் மினுங்குகிற சால்வையுமாக டிராக்டரின் இழுவண்டியில் நின்றுகொண்டு போனதைத் தூரத்திலிருந்து பார்த்தவன் கல்யாணம் என்றுதான் நினைத்திருப்பான். ஒருவரும் உல்போசினோடு பேசவில்லை. இழுவண்டியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

பள்ளத்தில் தண்ணீர் பழுப்பாக, உடைந்த பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு, திறந்த மதகு வழியாக உப்புத்தரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. உல்போசின் கரையிலிருந்து இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அந்த நொடிக்காகத்தான் அவள் வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"கசக்குது," என்றாள்.

"அப்போ விட்டுடணும்ல?" என்றார் பெய்சென். பழக்கம் அவரை விடவில்லை.

"முந்தி மாதிரின்னா விட்டுடணும். பின்னால நல்ல தண்ணி வரும்னா." அவள் சபர்காலி பக்கம் திரும்பினாள். "மேல எவ்வளவு இருக்கு?"

"பள்ளத்து நிழல்ல மட்டும் முழங்கால் பனி. மத்த இடம் மண்ணு தெரியுது. இனிமே இதுல கால்வாசி வந்தாலே பெருசு அண்ணி."

"இத நிறுத்தினா நிலம் பூத்துரும்ல?" என்றார் ஒருவர் பின்னாலிருந்து. "இருக்கற வேரும் போயிருச்சுன்னா?"

"எனக்குத் தெரியல," என்றாள் உல்போசின்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவர்களைவிடச் சொன்னவளுக்குத்தான் திகைப்பாக இருந்தது. "நெசமாவே தெரியல. நான் கத்து வெச்சிருக்கிற கணக்கு இந்தத் தண்ணிக்குப் பொருந்தல. எல்லாரும் இறங்கி வாங்க. ஆளாளுக்குக் குடிச்சுப் பாருங்க. என் ஒருத்தி நாக்க நம்பி ஊரு கெட்டது போதும்."

தயங்கித் தயங்கி இறங்கினார்கள். நல்ல துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு, ஒவ்வொருவராகக் குனிந்து அள்ளிக் குடித்தார்கள். பெய்சென் துப்பினார். "இத எப்படிக்கா வருஷா வருஷம் குடிச்சீங்க?" என்றார் தன்னை அறியாமல். ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே நின்றுவிட்டது.

பிறகு ஒரே கூச்சல். மூடு என்றவர்கள் பாதி, விடு என்றவர்கள் பாதி. ராவ்ஷான் மட்டும் பேசாமல் இரண்டாம் தடவையும் குனிந்து குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாம் தடவை. விற்க இனி மாடு இல்லாதவளுக்கு மற்றவர்களைவிட நிதானம் இருந்தது.

"முதல்ல குடிச்சதுக்கு இப்ப கசப்பு கொஞ்சம் குறைவு," என்றாள். "நீங்களே பாருங்க. பத்து நாள்ல வர்ற மாத்தம் பத்து மணி நேரத்துல வருதோ என்னவோ. மோசமானது போகட்டும். சாயங்காலம் வரைக்கும் மாத்தி மாத்திக் குடிச்சுப் பார்ப்போம். வெளிச்சம் போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாலும் மூடிருவோம். ஒண்ணும் இல்லாம காய்றதுக்கு, கசந்து காயட்டும்."

அப்படியே செய்தார்கள். மூடும்போது மண் தயாராக இருக்க வேண்டுமே என்று, அதுவரைக்கும் கரைக்கு மண் வெட்டிக் குவித்தார்கள். அரை மணிக்கு ஒருவர் இறங்கிக் குடித்துவிட்டு வந்து சொன்னார். சிலருக்குக் கசந்தது, சிலருக்குக் கசக்கவில்லை, அதிலும் ஒரு சண்டை நடந்தது. சபர்காலிக்கு யாரோ ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள். கொடுத்தவன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "அந்தப் பக்கம் வெட்டு" என்றுதான் சொன்னான். சபர்காலி வெட்டினான். பெய்சென்னின் சட்டைப்பையில் மனு வேர்வையில் நனைந்தது. அவர் அதை எடுத்து விரித்துப் பார்த்தபோது, எதிரே கூடையோடு வந்த ராவ்ஷான் நின்றாள்.

"கிழிச்சுடாதீங்க. தின்னது தின்னதுதான். சுடறதப் பத்தி அப்புறம் பேசுவோம், அதுங்களுக்குக் காப்பகத்துக்குள்ளயே கிணறு வெட்டித் தரச் சொல்லி எழுதுங்க. இவன் பேர மட்டும் இப்பவே அடிங்க."

பெய்சென் பேனாவைத் தேடி எடுத்து, முழங்காலில் காகிதத்தை வைத்து அடித்தார்.

வெயில் மஞ்சளாகிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது உல்போசின் கடைசியாக ஒரு கை அள்ளினாள். இன்னும் கசப்பு இருந்தது, ஆனால் தொண்டைக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது. ராவ்ஷானைப் பார்த்தாள். ராவ்ஷானும் குடித்து, வாயைத் துடைத்து, "மூடுங்க" என்றாள்.

சக்கரம் துருப்பிடித்திருந்தது. அதைச் சுற்ற எப்போதும் இரண்டு பேர் வேண்டும். உல்போசின் ஒரு பக்கம் பிடித்தாள். எதிர்ப்பக்கம் சபர்காலி வந்து நின்றான். சுற்றுவதற்கு முன்னால் அவள் சக்கரத்தை விட்டுவிட்டு, சேறும் துருவும் ஒட்டின இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். முறைப்படி இளையவன்தான் முதலில் நீட்ட வேண்டும், மூத்தவள் நீட்டக்கூடாது. நீட்டினாள்.

"ஒரு வயசு கூடியாச்சு, மூக்குத்துரை," என்றாள்.

அவன் வாங்கிக்கொண்டான். "இனிமே ஃபோன் போட்டா கேளுங்க அண்ணி," என்றான். "எடுத்துட்டுச் சிரிக்காதீங்க."

மதகு கிரீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் பலம் போதவில்லை. மூன்றாவதாக இரண்டு கைகள் உல்போசினின் கைகளுக்குப் பக்கத்தில் வந்து சக்கரத்தைப் பிடித்தன. ராவ்ஷான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இழுத்தாள். மூவரும் சேர்ந்து அமுக்கியதில் இரும்பு அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாததுபோல் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கி, போன வருஷத்துப் புல்லின் காய்ந்த தாள்களுக்கிடையே பரவத் தொடங்கியது. தூரத்தில், புல்வெளியின் அந்தக் கடைசியில், நாலைந்து சைகாக்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தன. அன்றைக்கு அவற்றை யாரும் விரட்டவில்லை.

ஆட்கள் டிராக்டரில் ஏறிக்கொண்டார்கள். உல்போசின் ராவ்ஷானின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். காலையில் வாங்கிய கைதான், ஆனால் அது கணக்கில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ராவ்ஷான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கைகள் சால்வைக்குள்ளேயே இருந்தன.

"என்னால இப்ப முடியாதுக்கா," என்றாள்.

"சரிடி."

ராவ்ஷான் இழுவண்டியில் ஏறப் போனாள். ஒரு காலை மேலே வைத்துவிட்டு நின்றாள். கோரிசு அந்த ஒரு நாளோடு முடிகிறதில்லை. வர முடியாமல் போனவர்கள் நவ்ருஸ் என்கிற புத்தாண்டு வரைக்கும் வந்து கை கொடுக்கலாம், அதுவரை கதவு திறந்தே இருக்கும்.

"நவ்ருஸுக்கு இன்னும் எட்டு நாள் இருக்குல்ல," என்றாள் ராவ்ஷான், திரும்பிப் பார்க்காமலே. "பார்ப்போம்."

அவள் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. உல்போசின் போய் உட்கார்ந்தாள்.